செப்டிக் டேங்க் மூடியைத் திறக்கப்போகிறேன்: ஏற்காட்டு விடுதிக்காரர்களுக்கு ஒரு மடல்

ஏற்காட்டில் விடுதி நடத்தும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், வீட்டிலேயே அறை ஒதுக்கி வாடகைக்கு விடும் அக்காமாருக்கும்,

வணக்கம்.

நான் வெளியாள் இல்லை. ஒண்டிக்கடையிலிருந்து நடந்து வரும் தொலைவில் 11 அறைகள் வைத்துப் பிழைக்கிறவன். அப்பா காலத்தில் அது ஓட்டு வீடும் காப்பி உலர்த்தும் களமுமாக இருந்தது. கோடைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு அறை விடத் தொடங்கி, பிறகு நான்காகி, என் காலத்தில் மாடி ஏறியது. உங்களில் பாதிப் பேருடைய கதையும் இதுதான். அறைகள் கூடிக்கொண்டே போயின. செப்டிக் டேங்க் மட்டும் அப்பா கட்டியதேதான்.

"விடுதிகளின் கழிவுநீர் கீழ்வீட்டுக்காரர்கள் குடிக்கும் ஊற்றில் கலப்பதை ஊராட்சி ஒன்றியத்துக்கு எழுதுங்கள், ஆட்சியருக்கு எழுதுங்கள்" என்று வீட்டில் சொன்னார்கள். எழுதலாம். மனு எழுதுவதில் நமக்கு நல்ல கைப்பழக்கம் உண்டு. முத்திரை வைத்த ஒப்புகைச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் ஒரு வருடத்துக்கு மனசாட்சி தொந்தரவு செய்யாது. அந்தச் சௌகரியம் வேண்டாம் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன மே மாதம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கோடை விழா நாட்கள். மலர்க் கண்காட்சிக்கும் படகுப் போட்டிக்கும் வந்த கூட்டத்தில் கொண்டை ஊசி வளைவுகள் இருபதிலும் வண்டி நகரவில்லை. எல்லா அறையும் நிரம்பியிருந்தது. இருவருக்கான அறையில் கூடுதல் மெத்தை போட்டு ஐந்து பேர். நீங்களும் போட்டிருப்பீர்கள், மறைக்க வேண்டாம். மூன்றாம் நாள் காலையில் சமையலறைக்குப் பின்னால் தரை ஈரமாக இருந்தது. நான்காம் நாள், எங்கள் சரிவுக்குக் கீழே குடியிருக்கும் ஓர் அம்மா வெறுங்குடத்தோடு மேலே ஏறி வந்தார். அவர் வீட்டுக்கும் சுற்றியுள்ள ஏழெட்டு வீடுகளுக்கும் பாறை இடுக்கில் கசியும் ஓர் ஊற்றுதான் தண்ணீர். "அண்ணா, வருடா வருடம் கோடை விழா வந்தால் எங்கள் ஊற்று வாடை அடிக்கிறது" என்றார். சண்டைக்கு வரவில்லை. சாயங்காலம் மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு உறைத்தது அதுதான்.

அடுத்து நான் செய்தது பெருமைப்படும்படி இல்லை. பக்கத்து விடுதியைக் கைகாட்டினேன். கீழ்த்தோட்டத்து மாட்டுக் கொட்டகையைக் கைகாட்டினேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, தூக்கம் சரியாக வராததால், தண்ணீர் சோதிக்கும் குப்பிகள் இரண்டைச் சேலத்திலிருந்து வரவழைத்தேன். கிராமங்களில் குடிநீர் பார்க்கப் பயன்படுத்தும் சாதாரணக் குப்பிதான். தண்ணீரை நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி கலந்திருக்கும் தண்ணீர் கறுத்துப்போகும். ஒன்றில் அந்த ஊற்று நீரையும் மற்றதில் கொதிக்கவைத்து ஆறிய நீரையும் நிரப்பினேன். நம் ஊர்க் குளிரில் கிருமிகூடச் சோம்பிப் படுத்துவிடும் என்பதால் இரண்டையும் அடுப்படி மேடையில் வைத்தேன். மறுநாள் இரவு ஊற்று நீர்க் குப்பி கறுத்திருந்தது. கறுப்பு என்றால் டிகாக்‌ஷன் கறுப்பு. மற்றது வைத்தபடியே தெளிவாக இருந்தது.

யாருடைய டேங்கிலிருந்து வந்த கிருமி என்று அந்தக் குப்பி சொல்லாது. எங்கள் சரிவில் மட்டும் ஐந்து விடுதிகள், ஏறத்தாழ 50 அறைகள். ஐந்து பேரும் மற்ற நால்வரைச் சுட்டிக்காட்டலாம், ஐந்து பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அந்த விளையாட்டிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். என் பங்கை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள், கழித்தல் கூட்டல் தெரிந்தால் போதும்.

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு அரசு வகுத்திருக்கும் கணக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும். சாதாரண நாளில் என் 11 அறைகளில் 22 பேர்; ஏறக்குறைய 2,400 லிட்டர் கழிவு. மே மாதத்தில் 55 பேர், 6,000 லிட்டர். அப்பா கட்டிய தொட்டியை டேப் வைத்து அளந்தேன். 8 அடி நீளம், 4 அடி அகலம், நீர் நிற்கும் ஆழம் 5 அடி. முழுதாகக் காலியாக இருந்தாலே 4,500 லிட்டர்தான் கொள்ளும். ஒரு நீண்ட மூங்கிலின் நுனியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி அடிவரை இறக்கி மெல்லத் தூக்கினால், சேறு எதுவரை நிற்கிறதோ அதுவரை துணி கறுத்து வரும். என் துண்டு இரண்டடிக்கு மேல் கறுத்து வந்தது. ஆக, நீருக்கு மிஞ்சிய இடம் 2,700 லிட்டர். மே மாதத்தில் என் டேங்குக்குள் நுழைந்த கழிவுநீர் அரை நாள்கூடத் தங்காமல் வெளியேறியிருக்கிறது. குறைந்தது ஒரு நாளாவது அசையாமல் நின்றால்தான் கசடு அடியில் படியும், எண்ணெய் மேலே மிதக்கும், நடுவிலிருக்கும் நீர் ஓரளவு தெளிந்து போகும்.

இங்கே நம்மில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தம் செய்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது படியவைக்கும், கொஞ்சம் செரிக்கவைக்கும், அவ்வளவுதான். கழிவுநீரில் எவ்வளவு அழுக்கு என்பதை அதைச் செரிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்பதை வைத்து அளக்கிறார்கள், பி.ஓ.டி. என்று சொல்வது அதைத்தான். வீட்டுச் சாக்கடையில் அது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். நன்றாகப் பராமரித்த செப்டிக் டேங்க் அதில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறைக்கும். மிச்சம் 100-க்குக் குறையாது. குளிக்கத் தகுந்த நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு 3. நான் முப்பது என்று எழுத நினைத்து மூன்று என்று எழுதவில்லை, மூன்றேதான்.

இதில் நம் மலைக்கென்று சில தனிச் சங்கடங்கள் உண்டு. தொட்டிக்குள் செரிமானம் நடப்பது வெப்பத்தில். தரைநாட்டுச் சேலத்தில் அது விறுவிறுவென்று நடக்கும். இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் 13 டிகிரி வரை இறங்குகிறது. சேறு கரையாமல் சேர்ந்துகொண்டே போகும். மலையில் கட்டும் தொட்டி பெரிதாக இருக்கவேண்டும். நாம் சரிவில் இடம் இல்லை என்று சிறிதாகக் கட்டுகிறோம். போதாததற்கு அறை சுத்தம் செய்யும் பிள்ளைகளிடம் வாரத்துக்கு ஒரு கேன் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கொடுத்து, உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடுகிறோம். வாசனை இல்லாத குளியலறைக்கு இணையத்தில் ஐந்து நட்சத்திரம் கிடைக்கிறது. டேங்குக்கு யாரும் நட்சத்திரம் போடுவதில்லை.

டேங்கிலிருந்து வெளியேறும் நீர் போய் இறங்கும் உறிஞ்சுகுழியின் கதை இன்னும் மோசம். நல்ல செம்மண் ஆழமாக இருக்கும் இடத்தில் குழியிலிருந்து கசியும் நீரை மண் வடிகட்டும், மண்ணிலுள்ள உயிர்கள் மிச்சத்தைத் தின்னும். நம் சேர்வராயன் மலையோ சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. மேலே இருக்கும் மண் பல சரிவுகளில் மெல்லிய போர்வை. அதற்குக் கீழே வெடிப்பு, இடுக்கு. குழிக்குள் விட்ட நீர் அந்த இடுக்கில் இறங்கி, வடிகட்டப்படாமலேயே கீழே எங்கோ ஓர் இடத்தில் ஊற்றாகத் தலைகாட்டும். "எங்கள் உறிஞ்சுகுழி இருபது வருடமாக நிரம்பவே இல்லை" என்று நம்மில் ஒருவர் டீக்கடையில் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறதா? நிரம்பாததற்குக் காரணம் குழியின் சாமர்த்தியம் இல்லை.

ஏரியைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரிக்கரைச் சரிவுகளில் கசிவது எதுவானாலும் கடைசியில் ஏரிக்குத்தான் வரும். ஏரி நிறைந்து வழியும் நீர்தான் கிளியூர் அருவியாக சுமார் 300 அடி விழுகிறது. நம் வரவேற்பு மேசையில் அருவிக்கு வழி வரைந்து கொடுத்து, துண்டு எடுத்துப் போகச் சொல்லி, விருந்தினரைக் குளிக்க அனுப்புவதும் நாம்தான். முந்தின நாள் அவர்கள் நம் கழிப்பறையில் விட்டதோடு மறுநாள் அருவியில் சந்திப்பு. சொல்லவே நாக் கூசுகிறது, ஆனால் இதைவிட நாகரிகமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இனி, கடற்கரை ஊர் ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். மலைக்காரனுக்குக் கடற்கரைச் சமாசாரம் எதற்கு என்று தோன்றும். பறவை பார்க்க வரும் பெரியவர் ஒருவர் வருடம் தவறாமல் என் விடுதியில் தங்குவார். சில காலம் அமெரிக்காவில் பிள்ளையோடு இருந்துவிட்டு வந்தவர். நான் ஊற்றின் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "நான் அதிகப் பறவை பார்த்த இடம் ஒரு ஊரின் சாக்கடைத் தண்ணீர்க் குளம்" என்றார். கலிபோர்னியாவின் வடக்கே ஹம்போல்ட் விரிகுடாக் கரையில் ஆர்க்கேட்டா என்று ஒரு சிற்றூர். 18,000 பேர் அளவில்தான் ஜனத்தொகை. அந்த விரிகுடாவில் சிப்பி வளர்ப்பது பெரிய தொழில். 1970-களில் விரிகுடாக்களில் கழிவுநீர் விட அந்த மாநில அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அக்கம்பக்கத்து ஊர்களையெல்லாம் குழாயால் இணைத்துப் பெரிய நிலையம் ஒன்று கட்டி, நீரைக் கடலில் கொண்டுபோய்விடத் திட்டம் போட்டார்கள். ஆர்க்கேட்டாக்காரர்கள், எங்களால் அந்தச் செலவைச் சுமக்க முடியாது, எங்கள் நீரை நாங்களே சுத்தம் செய்து காட்டுகிறோம் என்றார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் துணை நின்றார்கள். பழைய குப்பைமேடும் கைவிடப்பட்ட மரவாடியுமாகக் கிடந்த கரைநிலத்தில் குளங்களும் சதுப்பும் வெட்டினார்கள். 1986 முதல் ஊர்க் கழிவுநீர் அந்தச் சதுப்பு வழியாகத்தான் போகிறது. முதலில் கசடு படிகிறது, பிறகு பாசிக் குளங்கள், பிறகு கோரையும் சம்பங்கோரையும் வளர்ந்த நீர்நிலைகள். கிருமி நீக்கக் கடைசியில் குளோரின் வேண்டியிருந்தது. புல்லே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்று 300 ஏக்கருக்கு மேல் பரந்த அந்த இடம் பறவைகளின் சரணாலயம். மனிதர்கள் அங்கே நடைப்பயிற்சிக்குப் போகிறார்கள்.

அது அப்படியே இங்கே வராது. 300 ஏக்கர் சமநிலத்துக்கு நாம் எங்கே போவது? சமமாக 30 சென்ட் கிடைத்தால் நாம் அதில் நீச்சல் குளத்தோடு குடில் கட்டிவிடுவோம். ஆனால் அந்தப் பெரியவர் போனபிறகு நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு ஒன்றை. ஏன் ஒரு கடற்கரைச் சிற்றூருக்கு இந்தப் புத்தி முதலில் வந்தது?

கடற்கரை ஊரில் நிலம் தட்டை. கழிவுநீர் தானாக ஓடாது. மோட்டார் வைத்து இறைக்கவேண்டும். சில அடி தோண்டினாலே நிலத்தடி நீர் தட்டுப்படும், உறிஞ்சுகுழி எதையும் உறிஞ்சாது. காலியான தொட்டி மண்ணுக்குள்ளிருந்து மிதந்து மேலே வந்துவிடுவதும் உண்டு. கடலிலோ விரிகுடாவிலோ கொண்டுபோய்க் கொட்டினால் ஏற்றத்தின்போது அலை அதை வீட்டு வாசலுக்கே திருப்பிக்கொண்டுவரும். சிப்பியில் ஏறும், மீனில் ஏறும், உண்பவன் வயிற்றைக் கலக்கும். செய்த தவறு அன்று சாயங்காலமே அவன் மூக்குக்கு வந்து சேருகிறது. நாமோ கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 1,500 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறோம். நம்மிடமிருந்து போனது எதுவும் நம்மிடம் திரும்புவதில்லை. ஃப்ளஷை அழுத்தினால் போச்சு. மலைச்சரிவு நமக்கு அவ்வளவு வசதியாக மறைத்துக் கொடுத்துவிட்டது. இத்தனை வருடம் நாம் எதையும் கற்றுக்கொள்ளாமல் போனதற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மா குடத்தோடு ஏறி வந்ததுதான் என் வாசலுக்கு வந்த முதல் அலை.

கீழே போனது என்ன ஆகிறது என்று பார்க்க விருப்பமுள்ளவர்கள் சேலத்துக்கு இறங்கும்போது திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். இந்த மலையின் ஓடைகளில் பிறக்கும் ஆறு அது. சுகவனேசுவரர் கோயில் பக்கம் அதில் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு கோயிலுக்குப் போன காலம் என் அம்மாவுக்கு நினைவிருக்கிறது. இன்று நகரத்துச் சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும் சேர்ந்து அது எப்படி ஓடுகிறது என்பதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அந்த நீர் நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து நன்செய் இடையாறு அருகே காவிரியில் சேருகிறது. காவிரி பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. மலைக்காரன் கழிவுக்கும் கடைசி முகவரி ஒரு கடற்கரை ஊர்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, என்ன செய்யலாம்? நம் சரிவுக்கு ஏற்ற முறை ஒன்றை நான் கண்ணால் பார்த்தேன், அதுவும் கடற்கரைப் பக்கம்தான். அம்மாவுக்குக் கண்புரை அறுவைக்காகப் புதுச்சேரியில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போயிருந்தோம். காத்திருக்கும் நேரத்தில் வளாகத்தைச் சுற்றியபோது அல்லிக் குளங்கள் இருந்தன, கல்வாழையும் கோரையும் வளர்ந்த ஜல்லிப் பாத்திகள் இருந்தன. அது மருத்துவமனையின் கழிவுநீர் என்று தெரிந்தபோது நான் நம்பவில்லை. குனிந்து முகர்ந்து பார்த்தேன். நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் லிட்டரை இப்படிச் சுத்தம் செய்து தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். என்னுடைய மே மாதக் கழிவைப்போல ஐம்பது மடங்கு.

வேலை நடக்கும் விதம் எளிது. முதல் தொட்டியில் கசடு படியும். அடுத்த தொட்டியில் குறுக்குச் சுவர்கள் வரிசையாக இருக்கும். நீர் ஒவ்வொரு சுவருக்கும் அடியில் புகுந்து மேலே எழும்பி அடுத்ததற்குப் போகும்போது, அடியில் கிடக்கும் சேற்றிலுள்ள நுண்ணுயிர்களோடு மீண்டும் மீண்டும் உரசிப் போகவேண்டும். அழுக்கின் பெரும்பகுதி அங்கேயே தின்னப்பட்டுவிடும். பிறகு இரண்டடி ஆழத்துக்கு ஜல்லி நிரப்பி, செடி நட்ட பாத்தி. நீர் ஜல்லிக்குள்ளேயே ஓடும், மேலே தெரியாது, அதனால் கொசு இல்லை. கடைசியில் வெயிலும் காற்றும் படும் ஆழமில்லாத குளம். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுத் தாழ்வாக இருந்தால் போதும், நீர் தன் எடையில் தானே இறங்கும். தட்டை நிலத்துக்காரன் இந்தத் தாழ்வை உண்டாக்கத் தோண்டுகிறான், இறைக்கிறான். நமக்கு அதை மலை இனாமாகக் கொடுத்திருக்கிறது. மின்வெட்டைப் பற்றி நாம் புலம்பாமல் இருக்கக்கூடிய ஒரே இயந்திரம் ஏற்காட்டில் இதுவாகத்தான் இருக்கும்.

பெரிய சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை அரசு கட்டித் தரட்டுமே என்பீர்கள். தரட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் இங்கே ஒவ்வொரு விடுதியும் ஒவ்வொரு சரிவில், ஒவ்வொரு ஓடைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே குழாயில் கோக்கப் பாறையை உடைத்து, மேட்டுக்கு மோட்டார் வைத்து ஏற்றி... சமதரையில் இருக்கும் சேலத்திலேயே பாதாளச் சாக்கடை வேலை எத்தனை ஆண்டு இழுத்தது, எத்தனை தெரு குழியாகக் கிடந்தது என்று பார்த்தவர்கள்தானே நாம். சரிவுக்கு ஒன்றாக நாலைந்து விடுதிகள் சேர்ந்து சிறியதாகக் கட்டினால் இத்தனை உடைப்பு வேண்டாம். கசடு அவரவர் தொட்டியிலேயே தங்கிவிடுவதால், தெளிந்த நீரை மட்டும் கீழே கொண்டுபோகச் சிறிய குழாயே போதும்.

இன்னொரு சாக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். நம்முடையது சின்ன விடுதி, சட்டத்தில் நமக்கு அதிகத் தொந்தரவு இல்லை. உண்மைதான். 2016-இல் வந்த மத்திய வாரியத்தின் வகைப்பாடு 20 அறை வரையிலான, கொதிகலன் இல்லாத விடுதிகளை மாசு குறைந்த பச்சைப் பிரிவில் வைத்தது. 11 அறைக்காரன் பச்சை. ஒரே சரிவில் ஐந்து பச்சைகள் சேர்ந்து ஓர் ஊற்றைக் கறுப்பாக்கிவிட்டன. ஊற்றுக்கு அறைகளை எண்ணத் தெரியவில்லை.

காப்பித் தோட்டக்காரர்கள் இதைப் படித்துவிட்டு மீசையில் கை வைக்க வேண்டாம். நவம்பர் முதல் பழம் பறிக்கும் காலத்தில், பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் இயந்திரத்திலிருந்து வரும் தண்ணீரின் நாற்றத்தை நான் சின்ன வயதிலிருந்து அறிவேன். பழத்தின் சர்க்கரையும் வழுவழுப்பும் கரைந்த அந்த நீர் வீட்டுச் சாக்கடையைவிடப் பன்மடங்கு வலிமையானது. புளித்து அமிலமாகி ஓடையில் இறங்கினால் நீரிலுள்ள ஆக்ஸிஜன் முழுவதையும் உறிஞ்சி, மீனைத் திணறடிக்கும். சுண்ணாம்பு போட்டு அமிலத்தைத் தணித்து, குட்டைகளில் தேக்கி ஆறவிட்டபிறகுதான் அதை விடவேண்டும். சிலர் செய்கிறார்கள். மே மாதத்தில் அவர்கள் நம்மைச் சொல்வதும், டிசம்பரில் நாம் அவர்களைச் சொல்வதுமாக முறை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுதவேண்டும். இப்போது நம் கதை.

சேற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எந்தத் தொட்டியானாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சேறு எடுத்தாகவேண்டும். நான் ஒன்பது வருடமாக எடுக்கவில்லை. கழிவுநீர் லாரி அடிவாரத்திலிருந்து ஏறி வரவேண்டும், தரையில் கேட்பதைப்போல இரண்டு மடங்கு வாடகை, விருந்தினர் இருக்கும்போது நாற்றம் என்று ஆயிரம் காரணம். ஒருமுறை வந்த லாரி இறங்கிய அரை மணி நேரத்தில் காலியாகத் திரும்பி வந்து அடுத்த விடுதிக்குள் நுழைந்ததை நான் பார்த்தேன். அரை மணியில் சேலத்துக்குப் போய்வர முடியாது. எந்த வளைவில், எந்த ஓடையில் திறந்துவிட்டான் என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்காகத்தான் இப்போது வெட்கப்படுகிறேன்.

அதற்கும் முந்தின காலத்தை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. லாரி இல்லாத நாளில் அப்பா இரண்டு பேரை அழைத்துவருவார். வாளியும் கயிறும்தான் அவர்களுடைய கருவி. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர்கள் பின்பக்கம் உட்கார்ந்து தனிக் குவளையில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். இன்று ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கி, ஆள் இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. தொகைக்காகவோ தண்டனைக்காகவோ பயந்து இல்லை. நம் விருந்தினர் விட்டதை அள்ள இன்னொருவன் கழுத்தளவு இறங்கக் கூடாது. நம்மில் யாராவது இன்னும் "தெரிந்த ஆள் இருக்கிறான், இரவோடு இரவாக முடித்துவிடுவான்" என்று சொன்னால், தயவுசெய்து அவரை அங்கேயே நிறுத்துங்கள்.

எடுத்த சேற்றை என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில் 2017-இல் தமிழ்நாட்டின் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கியது. நாளுக்குச் சுமார் 23,000 லிட்டர் கசடைப் பாத்திகளில் உலர்த்துகிறார்கள். பிரம்மாண்டமான இயந்திரம் ஒன்றும் கிடையாது, கருங்குழி வெறும் ஒரு பேரூராட்சிதான். ஏற்காட்டுக்கென்று இப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டு நாம் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் அந்த மனுவை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அதுவரை, லாரியை ஆளாளுக்குத் தனித்தனியாக அழைக்காமல் சரிவுக்கு ஒரு நாள் என்று முறை வைப்போம். ஒரே நாளில் ஐந்து தொட்டி எடுத்தால் வாடகை குறையும். நம்மில் ஒருவர் லாரிக்குப் பின்னாலேயே வண்டியில் இறங்கி, சேலத்தில் கொட்டவேண்டிய இடத்தில் கொட்டுகிறார்களா என்று பார்த்துவிட்டு வரட்டும். முதல் முறை நான் போகிறேன்.

எங்கள் சரிவில் இருக்கும் மற்ற நான்கு விடுதிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சரிவின் அடியில் எனக்கு 20 சென்ட் இருக்கிறது. மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன, வருமானம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பொதுவாகக் கட்டுவதானால் அந்த இடத்தைத் தருகிறேன். பத்திரத்தில் எப்படி எழுதிக்கொள்வது என்பதை உட்கார்ந்து பேசுவோம். சேலத்தில் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒருவரிடம் பேசியிருக்கிறேன், அளந்து வரைபடம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். செலவை அறை எண்ணிக்கைப்படி பிரித்துக்கொள்ளலாம். போன வருடம் நாம் ஆளுக்கு ஆள் போட்டி போட்டு மாட்டிய சுவர் அகலத் தொலைக்காட்சிகளை நினைத்துப் பார்த்தால், பணம் இல்லை என்று நம்மில் யாரும் சொல்ல முடியாது. காட்டெருமை இறங்கி வந்து பாத்தியிலுள்ள கோரையை மேய்ந்துவிடும் என்று ஒருவர் இப்போதே ஆட்சேபம் சொல்லியிருக்கிறார். நியாயமான ஆட்சேபம். வேலியை வலுவாகப் போடுவோம். அதையும் மீறி மேய்ந்தால், இந்த ஊரில் நம் கழிவால் பயனடைந்த முதல் ஜீவன் அதுவாக இருந்துவிட்டுப் போகட்டும்.

வேலை தொடங்க நமக்குக் கூட்டம் குறைந்த மாதங்கள் வேண்டும். அடுத்த மே மாதத்துக்குள் குறுக்குச் சுவர்த் தொட்டியும் ஜல்லிப் பாத்தியும் முடிந்தாலே போதும். குளத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். செடி வேர் பிடிக்கச் சில மாதம் ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம். இடைப்பட்ட காலத்தில் நான் இரண்டு காரியம் செய்துவிட்டேன்: சமையலறைக் கழிவுக்குத் தனியாக எண்ணெய் பிடிக்கும் தொட்டி வைத்தேன், அறைக்கு மூன்று பேருக்கு மேல் இல்லை என்று பலகை மாட்டினேன். இரண்டாவது காரியத்தால் போன தொடர் விடுமுறையில் நாலு குடும்பம் திரும்பிப் போயிற்று. அவர்களில் இரண்டு குடும்பம் உங்களில் ஒருவரிடம்தான் வந்திருக்கும், கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்வீட்டு அம்மாவிடம் போய்க் கறுத்த குப்பியைக் காட்டினேன். அடுப்பு வேலையை நிறுத்திவிட்டு நெடுநேரம் பார்த்தார். குழந்தைகளுக்கு இனிமேல் காய்ச்சிக் கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னார். விறகு யார் கொடுப்பது என்று அவர் கேட்கவில்லை. நான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அது தீர்வு இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு என் செப்டிக் டேங்க் மூடியைத் திறக்கிறேன். கூட்டம் இல்லாத நாள், யாருக்கும் சாக்கு இருக்காது. மூங்கிலும் வெள்ளைத் துண்டும் அளவு டேப்பும் என்னிடம் இருக்கின்றன. மூடியைத் திறந்ததும் பக்கத்தில் குனிய வேண்டாம், உள்ளே விஷவாயு இருக்கும். பீடி சிகரெட்டும் வேண்டாம். சேற்றை அளந்து, ஊற்று வரைக்கும் நடந்து இறங்கி, அந்த 20 சென்ட்டையும் பார்த்துவிட்டு வருவோம். தண்ணீர்க் குப்பிகள் இன்னும் பத்து வாங்கி வைத்திருக்கிறேன். அவரவர் சரிவுக்குக் கீழே இருக்கும் ஓடையிலோ ஊற்றிலோ பிடித்துக்கொண்டு வாருங்கள், எல்லாவற்றையும் என் அடுப்படி மேடையிலேயே வரிசையாக வைப்போம். காப்பி என் செலவு.

இப்படிக்கு,
11 அறை வைத்திருக்கும் உங்கள் தொழில்காரன்,
ஏற்காடு